தெளிந்த நீரும் தூய நீரும்

கல்லடிப் பாலத்தைக் கடந்து கிழக்கே நடந்தாற் சிறிது தூரத்திற் கடல் வந்துவிடும். பாலத்தின் கீழே வாவி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணல் நிலத்தை நாங்கள் எழுவான்கரை என்போம். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிவது படுவான்கரை. ஐம்பத்தாறு கிலோமீற்றர் அளவுக்கு நீண்டு கிடக்கும் இந்த வாவியைப் புலவர் பாடியுள்ளனர். இதில் மீன் பாடுமென்று ஊரார் சொல்வதைக் கேட்டு அயல்நாட்டாரும் நிலாக்காலத்தில் தோணியேறி வந்துள்ளனர். அந்தப் பாட்டை இன்று விட்டுவிடுவோம். வாவிக் கரையின் மணலைத் தோண்டி நாம் எடுத்துக் குடித்து வந்த நீரைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகின்றேன்.

ஒரு பக்கம் உப்புக் கடல், மறுபக்கம் உவர்நீர். இருந்தும் எழுவான்கரையில் ஓர் ஆள் மட்டத்துக்குத் தோண்டினால் நல்ல நீர் ஊறும். மணலில் இறங்கிய மழைநீர், உப்புநீரினும் பாரங் குறைந்ததாதலின் அதன்மேல் மிதந்து நிற்பதே காரணம். என் அம்மம்மாவின் காலத்திற் பூவல் என்னும் சிறு குழிகளிலிருந்தே பலர் நீர் எடுத்தனர். எங்கள் வளவிற் கிணறு இருந்தது. அதன் நீர் அத்தனை தெளிவு. ஊசி விழுந்தாலும் அடியிற் கிடப்பது தெரியும் என்று அம்மா பெருமையோடு சொல்வார்.

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, ஒரு மார்கழி மாதத்தில், நாலு வயதுத் தம்பி நெருப்புக் காய்ச்சலால் இறந்தான். மூன்று கிழமை கிடந்தான். வைத்தியர் "தண்ணீரால் வந்தது" என்றார். அம்மா அதை நம்பவில்லை. "அந்தத் தண்ணீரிலா?" என்று மட்டும் கேட்டார், பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்திலேதான் எங்கள் வீட்டுக்கு மலசலகூடம் கட்டப்பட்டது. அதற்கு முன் பற்றைக்காடும் கடற்கரையுமே எங்களுக்குக் கதி. குழியை வெட்டியவர் என் தந்தையார். கூலிக்கு ஆள் வைக்காமல் இரண்டு நாள் தாமே நின்று வெட்டினார். அதைக் கட்டி முடித்தபோது அவர் முகத்திலிருந்த நிறைவு எனக்கு நினைவிருக்கிறது. கிணற்றுக்கும் அக்குழிக்கும் இடையே பதினைந்து கவடு இருந்தது.

ஒரு மாணவன் கேட்ட கேள்வி

பல ஆண்டுகள் சென்றன. நான் இரசாயனம் கற்று, அதையே கற்பிக்கும் ஆசிரியனானேன். ஒரு நாள் வகுப்பிலே நீரைத் தூய்மை செய்யும் முறைகளை விளக்கினேன். 1829ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சிம்சன் என்னும் பொறியியலாளர் இலண்டனிலே தேம்ஸ் ஆற்று நீரை மணற்படுகையின் வழியே மெல்ல இறக்கி வடித்துக் கொடுத்த வரலாற்றைச் சொன்னேன். அப்போது கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், மணல் தண்ணியைச் சுத்தமாக்குமெண்டா, எங்கட ஊரெல்லாம் மணல்தானே? பிறகு ஏன் கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடிக்கச் சொல்றாங்க?"

வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்று அவனுக்கு முழுமையான விடை சொல்லவும் என்னால் இயலவில்லை. இக்கட்டுரை அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டியிருந்த விடை.

மணலின் மேல் ஒரு தோல்

மணல் நீரைத் தூய்மை செய்வது உண்மை. அதற்கு மிகப் பெருஞ்சான்று 1892ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே கிடைத்தது. எல்பே ஆற்றங்கரையில் ஹம்பேர்க், அல்தோனா என்று அடுத்தடுத்து இரண்டு நகரங்கள். ஹம்பேர்க் நகரத்தார் ஆற்று நீரை வடிக்காமலே குடித்தனர். அல்தோனா நகரத்தாரோ அதற்குக் கீழே, ஹம்பேர்க்கின் கழிவெல்லாம் கலந்து வந்த அதே ஆற்று நீரை மணலில் வடித்துக் குடித்தனர். அவ்வாண்டு வாந்திபேதி வந்தது. ஹம்பேர்க்கில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அல்தோனா பெரும்பாலும் தப்பிற்று. இரு நகரங்களுக்கும் எல்லையாயிருந்த தெருவிலே ஒரு பக்கத்து வீடுகளில் நோய், மறுபக்கத்து வீடுகளில் நோயில்லை. மாசு மிகுந்த நீரை எடுத்தவர்கள் பிழைத்ததும், மாசு குறைந்த நீரை எடுத்தவர்கள் இறந்ததும் அறிஞர் றொபேட் கொக்கின் கண்ணிற் பட்டன. மணற்படுகையின் மதிப்பை உலகம் உணர்ந்தது.

மணல் என்ன செய்தது? சல்லடைபோற் கிருமிகளைத் தடுத்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மணற்றுகள்களின் இடைவெளியோடு ஒப்பிட்டால் ஒரு பற்றீரியா மிகமிகச் சிறியது. யானை புகும் வாசலில் எறும்பு புகாதா? உண்மையில், புதிதாகப் பரப்பிய மணல் நீரை நன்கு தூய்மை செய்வதில்லை. சில நாட்களோ சில கிழமைகளோ கழிந்து, மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான ஒரு தோல் படர்ந்த பின்னரே நல்ல நீர் வருகின்றது. அந்தத் தோல் உயிருள்ள தோல். பாசியும் பற்றீரியாவும், அவற்றைத் தின்னும் இன்னுஞ் சில நுண்ணுயிர்களும் அதிலே குடியிருக்கின்றன. வந்த கிருமிகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன, உண்ணப்படுகின்றன, பட்டினியால் அழிகின்றன. மணல் அவ்வுயிர்களுக்கு வீடு. வேலை செய்பவை அவ்வுயிர்களே.

நோயைத் தருவதும் நுண்ணுயிர், நோயைத் தடுப்பதும் நுண்ணுயிர் என்பது மாணவர்க்கு வியப்பாயிருக்கும். மனிதருள் திருடனும் உளன், காவலனும் உளன். இருவரையும் மனிதன் என்றே அழைக்கின்றோம்.

மன்செஸ்ரரும் பங்களூரும்

கழிவுநீரைத் தூய்மையாக்கும் வேலையிலும் இதே உண்மை வெளிப்பட்டது. 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரிலே ஆடேன், லொக்கற் என்னும் இருவர் கழிவுநீருக்குள் இடைவிடாது காற்றைச் செலுத்தினர். அது முற்றாகத் தெளிந்து மாற ஐந்து கிழமை சென்றது. அடியிற் படிந்த சேற்றை அவர்கள் வீசிவிடவில்லை. அதை வைத்துக்கொண்டே புதுக் கழிவுநீரை ஊற்றிக் காற்றைச் செலுத்தினர். மீண்டும் மீண்டும் அவ்வாறு செய்ய, ஐந்து கிழமை வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. சேறு திறமை பெற்றுவிட்டது! உறைமோர் விட்டுத் தயிர் தோய்க்கும் எந்தத் தாய்க்கும் இந்தச் சூட்சுமம் புதிதன்று. உயிர்ப்புற்ற சேறு என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். இன்றும் உலகின் பெருநகரங்கள் பலவற்றின் கழிவுநீர் இம்முறையாலேயே தூய்மையாக்கப்படுகின்றது.

அவ்விருவரையும் அந்த ஆய்வுக்குத் தூண்டியவர் கில்பேட் பௌலர் என்னும் அறிஞர். அவர் 1916ஆம் ஆண்டிற் பங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்துக்குப் பேராசிரியராக வந்தார். கழிவுநீர் ஆராய்ச்சி அவரோடு தென்னாட்டுக்கு வந்து வேரூன்றியது. பின்னர் அங்கே எஸ். சீ. பிள்ளை, வி. சுப்பிரமணியன் என்னும் இருவர் அந்தச் சேற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தனர். பற்றீரியாக்களுக்கிடையே காம்பின்மேல் மலர்ந்த பூக்கள் போன்ற உயிர்கள் அசைந்துகொண்டிருந்தன. வோட்டிசெல்லா, எப்பிஸ்டைலிஸ் என்பன அவற்றின் பெயர்கள். புரோட்டோசோவா என்னும் ஒரு கல உயிர்களைச் சேர்ந்தவை. வாயைச் சுற்றியுள்ள மயிர்களை அசைத்து நீரைச் சுழற்றித் தம்பால் இழுத்து, அதில் மிதக்கும் பற்றீரியாக்களை உண்பவை. நீர் தெளிவதில் இவற்றுக்குத் தலையாய பங்கு உண்டென்று அவ்விருவரும் 1942ஆம் ஆண்டிலும் 1944ஆம் ஆண்டிலும் 'நேச்சர்' என்னும் ஆங்கில ஆராய்ச்சி இதழில் எழுதினர்.

கழிவுநீர் ஆய்வில் அன்று பற்றீரியாவுக்கே முதலிடம் இருந்தது. 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கேட்ஸ் என்பவரும் அவர் துணைவரும் புரோட்டோசோவா இல்லாத சேற்றையும் அவை உள்ள சேற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். அவை இல்லாதவிடத்து வெளிவந்த நீர் கலங்கியிருந்தது. அவற்றைச் சேர்த்ததும் தெளிந்தது. கரைந்துள்ள மாசை உண்பவை பற்றீரியா. மிதக்கும் பற்றீரியாவை உண்டு நீரைத் தெளிவிப்பவை புரோட்டோசோவா. பங்களூரிற் கண்ட காட்சி மெய்யென்று நிலைபெற்றது.

தாளில் எழும் நிறம்

மாசை உண்டவை எங்கே போயின? அவற்றின் உடலே சேறு. அந்தச் சேறு எதனால் ஆனது என்று அறிவதற்குப் புரதத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். புரதம் என்பது அமினோவமிலங்கள் கோத்த மாலை. உயிர்கள் பொதுவாகக் கையாளுபவை இருபது வகை மணிகள். மாலையை அறுப்பதற்குச் செறிவான ஐதரோக்குளோரிக்கமிலத்திலே ஒரு நாள் முழுவதும் கொதிநிலைக்கு மேற்பட்ட சூட்டில் வைப்பார்கள். மணிகள் உதிரும். திரிப்டோபன் என்னும் மணி மட்டும் அச்சூட்டிலே சிதைந்துபோகும். அதை வேறு வழியால் அறிவர்.

உதிர்ந்த மணிகளை இனம் பிரிப்பதற்கு வழிகண்டவர்கள் மாட்டின், சிஞ் என்னும் இருவர். 1952ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். வடிதாளில் ஒரு துளியை இட்டு, பியூற்றனோல் கலந்த நீர்மத்தை அதன்வழி ஊறச்செய்தால், ஒவ்வோர் அமினோவமிலமும் தன் இயல்புக்கேற்ற தூரம் ஓடி நிற்கும். அதே காலத்திலே பங்களூரில் கே. வி. கிரி என்பவர் வட்டமான தாளின் நடுவிலே துளியை இட்டு, நீர்மத்தை நாற்புறமும் பரவச்செய்யும் எளிய முறையொன்றை வகுத்தார். விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. இரண்டு கண்ணாடித் தட்டுகளும் ஒரு வட்டத்தாளும் போதும். பிள்ளையும் அவருடைய மாணவர்களும் கழிவுநீர்ச் சேற்றின் அமினோவமிலங்களை ஆராய்ந்தனர். நாம் அருவருத்து ஒதுக்கும் சேறு, பருப்பையும் மீனையும் போலவே அமினோவமிலம் செறிந்த பொருளென்று தெரிந்தது.

பல்கலைக்கழகத்தில் இந்த வட்டத்தாள் முறையை நானும் செய்தேன். தாளின்மேல் நின்ஹைட்ரின் என்னும் மருந்தைத் தெளித்துச் சூடு காட்டியதும் வெற்றுத்தாளிலே ஊதாநிற வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. புரோலீன் மட்டும் மஞ்சளாயிற்று. கூடவே, தாளின் ஓரத்தில் என் பெருவிரலின் ரேகையும் ஊதாவாய் எழுந்தது. வியர்வையில் அமினோவமிலம் உண்டு. கையுறையில்லாமல் தாளைத் தொட்டுவிட்டேன். ஆசிரியர் அதைக் காட்டி, "தொட்டவன் யாரென்று தாள் சொல்லிவிட்டது" என்றார்.

காலியிற் பிறந்த நம் நாட்டு அறிஞர் சிறில் பொன்னம்பெருமவுக்கும் இதே ஐயம் பெரிய அளவில் எழுந்தது. 1969ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னும் இடத்தில் வீழ்ந்த விண்கல்லை அவரும் துணைவரும் ஆராய்ந்தபோது அமினோவமிலங்கள் தோன்றின. அவை விண்ணிலிருந்து வந்தவையா, மண்ணில் தொட்ட கையால் வந்தவையா? உயிர்களின் புரதத்தில் அமினோவமிலங்கள் இடக்கை வடிவிலேயே இருக்கும். கல்லில் இடக்கை வடிவும் வலக்கை வடிவும் ஏறக்குறையச் சமமாயிருந்தன. உயிர்களின் புரதத்தில் இல்லாத அமினோவமிலங்களும் இருந்தன. ஆகவே அவை விண்ணுக்குரியவை என 1970ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

தடயத்தைக் கொண்டு தொட்டவரை அறிவதே பகுப்பாய்வின் பயன். இனி எங்கள் கிணற்றுக்கு வருகின்றேன்.

கிணற்றின் தடயம்

குழியிற் சேரும் கழிவிலே புரதம் உண்டு. பற்றீரியா அதை அமினோவமிலமாக உடைக்கும். அமினோவமிலத்திலிருந்து அமோனியா பிரியும். காற்றுள்ள மணலில் வேறு சில பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று நிறமற்றது, மணமற்றது. நீரோடு நீராய் மணலின் வழியே ஓடவல்லது. உரமிடாத ஒரு வளவின் கிணற்றில் நைத்திரேற்று மிகுந்திருந்தால், அருகிலுள்ள குழியின் மேலேயே ஐயம் விழவேண்டும். அது குழியின் பெருவிரல் ரேகை. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றர் குடிநீருக்கு 50 மில்லிகிராம் என்று அதற்கு எல்லை வகுத்துள்ளது. அதற்கு மிஞ்சினாற் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம். நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது.

மாணவனின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். இலண்டன் மணலும் நம் மணலும் ஒன்றே. ஆனால் அங்கே நீர் ஒரு மணிக்கு ஒரு சாண் அளவுக்கும் குறைவாகவே இறங்குகிறது. போதிய காற்றுக் கரைந்திருக்கிறது. மாசு அளவோடு வருகிறது. இங்கே மாரியிலே நிலத்தடி நீர் தரையை எட்டுமளவுக்கு உயர்கின்றது. குழியின் அடி அந்த நீருக்குள்ளேயே நிற்கின்றது. குழிக்கும் நீருக்கும் இடையே காற்றோட்டமுள்ள உலர்ந்த மணல் இரண்டு மீற்றர் இருந்தால், வேலை செய்யும் உயிர்கள் அங்கே வாழும். அந்த இடைவெளி மாரியில் இல்லை. மூச்சுவிடக் காற்றில்லை, வேலை செய்ய நேரமில்லை, சுமையோ தாங்கமுடியாதது. கழிவு பக்கவாட்டில் ஓடிக் கிணற்றை அடைகின்றது. மணல் இருந்தது, வேலையாட்கள் இல்லை.

என் தம்பி மார்கழியில் இறந்தான். அதை விளங்கிக்கொள்ள எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. விளங்கியபோது தந்தையார் உயிரோடிருந்தார். பதினைந்து கவடு என்பதை நான் அவரிடம் ஒருபோதும் சொல்லவில்லை. பிள்ளைகள் நோயின்றி வாழவேண்டுமென்றே அவர் அந்தக் குழியை வெட்டினார்.

வாவியின் பொறுமை

கிணற்றுக்கு நேர்ந்தது வாவிக்கும் நேரும். நாம் விடும் கழிவையெல்லாம் வாவியிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு மாற்றிக்கொண்டே இருக்கின்றன. கண்டல் மரங்களின் அடியிலுள்ள கருஞ்சேற்றிலும் பெரும்பணி நடக்கின்றது. காற்றில்லாத அச்சேற்றிலே சில பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றைக் கொண்டே சுவாசித்து, அதை நைதரசன் வாயுவாக்கி வானுக்கு அனுப்பிவிடுகின்றன. வேறு சில, கடல்நீரிலுள்ள சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கின்றன. அழுகிய முட்டை மணமும் சேற்றின் கருமையும் அவற்றால் வருபவை. அந்த மணத்தைச் சுளித்த முகத்தோடு கடந்து போகின்றோம். அங்கே ஒரு பெருந்தொழிற்சாலை கூலியின்றி இயங்குகின்றது.

ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. கழிவு மிகுந்து, முகத்துவாரம் மணலால் அடைபட்டு, நீர் அசையாது நிற்கும் காலத்தில், பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனையெல்லாம் உறிஞ்சிவிடும். மீன்கள் செத்து மிதக்கும். இவ்வாறான காலைகளை வாவிக்கரை மக்கள் கண்டிருக்கின்றார்கள். கண்டலை வெட்டிக் கரையை நிரவுவோர், வேலையாட்களின் வீட்டை இடிக்கின்றனர் என்பதை உணரவேண்டும்.

இப்போது படுவான்கரையிலுள்ள உன்னிச்சைக் குளத்து நீர் தூய்மையாக்கப்பட்டுக் குழாய்வழி நகருக்கு வருகின்றது. இது பெரும்பேறு. எனினும் குழாய் வந்துவிட்டது என்று கிணற்றை மறப்பது அறிவன்று. வரட்சியிலும் வெள்ளத்திலும் நாம் திரும்பிப் பார்ப்பது கிணற்றையே. குழியை நில மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுவதும், அடியை மூடிக் கழிவை வண்டியில் அகற்றிச் சுத்திகரிப்பதும், கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிப்பதும் ஆகாத காரியங்களல்ல.

என் அம்மம்மா கலங்கிய நீருக்குப் பானையின் உள்ளே தேற்றாங்கொட்டையை உரைப்பார். சற்று நேரத்திற் கலங்கல் அடியிற் படியும். "தெளிஞ்சிட்டு மனே, குடி" என்பார். கலங்கலைப் படியவைக்கும் ஆற்றல் முருங்கை விதைக்கும் உண்டு. அவ்விதையில் அதைச் செய்வது நேர்மின்னேற்றமுள்ள ஒரு புரதம் என்று இன்று அறிந்துள்ளனர். முன்னோர் கண்ட வழி நல்வழியே. ஆனால் அது தெளிவைத் தரும். தூய்மைக்கு அதற்கு மேலும் ஒரு படி வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவனும் அவன் தோழர்களும் ஒரு பெரிய வாளியிற் கடல்மணலைக் கழுவி நிரப்பி வடிகட்டி ஒன்று செய்தனர். முதல் நாள் வந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஏந்தி என் மேசையில் வைத்தான்.

"சுத்தமா, சேர்?"

"தெளிவாக இருக்கிறது. மேலே தோல் படரட்டும், பிறகு சோதித்துப் பார்ப்போம்" என்றேன்.

அவன் அந்த வாளிக்கு நாள்தோறும் நீர் ஊற்றினான். நான் அன்று மாலை வீட்டுக்குச் சென்று, பழைய கிணற்றிலிருந்து பழைய குழி இருந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்தேன். கவடு பதினைந்துதான்.